பேர் விளியில் இல்லாத பேர்

1. கவுண்டர்

மூன்றாம் வருஷத்தவர்களின் பேர் விளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பி.ஏ. வகுப்பு ஆதிரா என் கவுண்டருக்கு வந்தாள். ஃபீஸ் கட்டவோ சர்டிஃபிகேட் வாங்கவோ வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஸ்டெல்லாவுக்க பேரையும் விளிக்கணும்."

நான் பாறசாலைக்காரி. எங்கள் பழைய கல்லூரியில் செக்‌ஷன் கிளார்க்காக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பேர் விளி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷத்தவர்கள் பிரிகிற நாளில், பழைய ஹாலில் அட்மிஷன் ரெஜிஸ்டரைத் திறந்து ஒவ்வொரு பேராக வாசிப்போம். பிரின்சிபல் வாசிக்கக் கூடாது, பேராசிரியரும் வாசிக்கக் கூடாது. சேர்ந்த நாளில் அந்தப் பேரை எழுதிய கிளார்க்குதான் வாசிக்க வேண்டும். பேர் கேட்டதும் பிள்ளை "உண்டு" என்று எழுந்து வந்து, பேருக்கு நேரே கையெழுத்துப் போடும். மூன்று வருஷமும் வாய் திறக்காத பையன்கள்கூட அந்த ஒரு வார்த்தையை அலறுவார்கள். ஹாலிலிருந்து கேட் வரை முதல் வருஷத்தவர்கள் இரண்டு வரிசையாக நின்று, கையில் தெச்சிப்பூ கொடுத்து வழியனுப்புவார்கள்.

ஸ்டெல்லா ஆதிராவின் வகுப்புத் தோழி, பூவார் கடற்கரைப் பிள்ளை. ஐந்தாம் செமஸ்டரில் அவள் அப்பா வள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியே கதியென்று இருந்தாள். இவள் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். அட்டெண்டன்ஸ் குறைந்தது. அந்தக் குறைவை மன்னிக்கச் சொல்லி காண்டனேஷன் விண்ணப்பம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். கூட வைத்திருந்த மெடிக்கல் சர்டிஃபிகேட் அப்பா பேரில் இருந்தது.

"இது நடக்காது மக்கா. உனக்க பேரில வேணும்" என்று திருப்பிக் கொடுத்தேன். ரூல் அதுதான். சில வாரத்தில் அவளை ரோலிலிருந்து நீக்கி ஆர்டர் வந்தது. சிவப்பு மையால் பேரை வெட்டினேன்.

"வெட்டுன பேரை நான் எப்பிடி விளிக்க?" என்று ஆதிராவிடம் கேட்டேன்.

"வெட்டுனது நீங்களாக்கும் அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

2. ஒரு ஃபாரம்

பிரின்சிபலிடம் போனேன். அவர் மலையாளி. நல்ல மனுஷன், ஆனால் சட்டத்தில் இம்மி பிசகமாட்டார்.

"ரோலில் இல்லாத்த குட்டியெ எங்ஙனெ விளிக்கும் சேச்சி? அது வேண்டா" என்றார். நான் திரும்பும்போது, "அந்தக் குட்டி ரீ அட்மிஷனுக்கு அப்ளை செய்தில்லே?" என்றும் கேட்டார்.

அடுத்த பேட்சோடு சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று ரூல் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஃபாரத்தோடு பூவார் பஸ் ஏறினேன். விசாரித்துப் போனபோது ஸ்டெல்லா அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்து வீட்டு முற்றத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பேர் விளிக்கு வா மக்கா. யாரு என்ன சொன்னாலும் நான் விளிக்கேன்" என்றேன். ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வேகத்தில் சொன்னது.

"வேண்டாம் அக்கா. எரக்கப்பட்டு விளிச்சா என்னால அங்க நிக்க முடியாது."

ஃபாரத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள்.

"இது அன்னைக்கே உண்டா?"

"உண்டு."

"பின்ன ஏன் அன்னைக்குப் பறயல்ல?"

கவுண்டரில் கூட்டம் இருந்தது, அது இது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் கூட்டமே இல்லை. "தப்பு எனக்கதாக்கும் மக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது. "எம்மா, அந்தப் பேப்பரை இங்க கொண்டா. அப்பனுக்க ஒப்பு வேண்டாமா?"

அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஸ்டெல்லா ஒரு சோற்றுத் தட்டை அவர் முகத்துக்கு மேலே பலகை மாதிரிப் பிடித்தாள். மல்லாந்து படுத்தபடியே, பேனா எழுதாமல் நின்று நின்று போக, உதறி உதறிக் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

"பிள்ளைய இனி வெட்டாதீங்க எம்மா" என்று என்னிடம் பேனாவைத் தந்தார்.

3. பழைய பக்கம்

அந்த வருஷப் பேர் விளியில் சிவப்புக் கோடு வந்த இடத்தைத் தாண்டி அடுத்த பேரை வாசித்தேன். ஆதிரா "உண்டு" என்று மெதுவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூனில் ஸ்டெல்லா ஐந்தாம் செமஸ்டரில் சேர்ந்தாள். காலையில் ஷெட், பிறகு காலேஜ். வெட்டிய பேருக்கு மேலே 'மறுசேர்க்கை' என்று கறுப்பு மையில் எழுதினேன். மாசா மாசம் அவள் அட்டெண்டன்ஸைக் கூட்டிப் பார்த்து, குறைகிற மாதிரி இருந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவேன். "வாறேன் அக்கா, நாளைக்கு விடாம வாறேன்" என்பாள். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டி வந்தது.

அடுத்த பேர் விளியில் அந்த பேட்ச் பக்கங்களை வாசித்து முடித்தேன். பிறகு பழைய ரெஜிஸ்டரை எடுத்துத் திறந்தேன். பிரின்சிபல் தலையாட்டினார். வாசித்தேன்.

"உண்டு."

அலறவில்லை. கிட்டே நிற்கிறவளிடம் சொல்வது போலச் சொன்னாள். வந்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பார்த்தால் பூ வரிசையில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நடுவே ஆதிராவும் இன்னும் பதினோரு பேரும் நிற்கிறார்கள். போன வருஷம் போனவர்கள். வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார்கள். "எலே, வழி விடுங்க. எங்களுக்க கிளாஸ்காரி வாறா!" என்று ஆதிரா பையன்களை விலக்கினாள். கேட் அருகே ஸ்டெல்லாவின் அப்பா கம்பு ஊன்றி நின்றிருந்தார். அவருக்கும் யாரோ பூ கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். மகள் ஓடினாள். அதற்குமேல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரூலை மாற்ற நம்மால் முடியாது. ஒரு பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் கொடுங்கள். கூடவே, எதிரே நிற்கிறவர் இனி எங்கே போக வேண்டும் என்பதையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். அதற்கு அரை நிமிஷம் போதும். நான் சொல்லாமல் விட்ட அரை நிமிஷத்தால், இனிப் படிப்பே இல்லை என்று அந்தப் பிள்ளை மாசக்கணக்கில் நினைத்திருந்தது.