ரிஜெக்ட் சார் கிட்டார் வாங்கிய கதை

என் அக்கா வீட்டுக்காரர் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். கேலிக்குச் சொல்லவில்லை, அவர் வேலையே அதுதான். பழைய கார்களை வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில், வந்து நிற்கிற வண்டியை எடுக்கலாமா கூடாதா என்று கடைசி வார்த்தை சொல்வது அவர். காலையில் யார்டுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வண்டிகளின் வயிற்றுக்கடியில் படுத்து எழுந்திருப்பார். தோள் பையில் ஒரு டார்ச், நீளக் குச்சியில் பொருத்திய சின்னக் கண்ணாடி, பெயின்ட் எவ்வளவு கனம் என்று காட்டும் மீட்டர், மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். ஓடுகிற எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அதிலேயே சொல்லிவிடுவார். கதவை விரல் முட்டியால் தட்டி, எங்கே இடிபட்டுப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார். யார்டில் அவருக்கு ‘ரிஜெக்ட் சார்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான்.

நான் புது ஃபிளாட் வாங்கி, வந்து பாருங்கள் மாமா என்று கூப்பிட்டபோது, கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டே போனார். “இந்த மூலையில ஈரத்தை மறைச்சுப் பூசியிருக்காங்கம்மா” என்றார். இந்த மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்கு அந்த மூலையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்தேன். அதற்கப்புறம் அவரைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் எல்லாம் புதுசாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஒன்றுகூடக் கிடையாது. “பழசுன்னா அதோட குறையெல்லாம் வெளிய வந்து நிக்கும், பாத்து எடுத்துக்கலாம். புதுசுக்கு இனிமேதான் வரும், எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?” என்பது அவர் கட்சி. ஃபிரிட்ஜ் யாரோ வீடு மாறிப் போனபோது வாங்கியது. சோபா, மூடிப்போன ஒரு கிளினிக்கில் நோயாளிகள் உட்கார்ந்தது. வாஷிங் மெஷின் ஒரு ஹாஸ்டலையே துவைத்துப் போட்டது. எல்லாம் இன்றைக்கும் ஓடுகின்றன, அதைச் சொல்லாவிட்டால் பாவம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போன் எடுப்பது, அட்மிஷன் பார்ப்பது, தொலைந்துபோன டிபன் பாக்ஸுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். நன்றாகப் பாடுவாள். மேடையில் இல்லை, அடுப்படியிலும் குளியலறையிலும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாட்டு நின்றதும் குளித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவள், நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்துகிறவள், அதனால் எல்லாருக்கும் தொண்டை கட்டும் என்றுதான் நினைத்தேன். ஐஸ் தண்ணி குடிக்காதே என்று உபதேசம் வேறு. பத்து மாதம் இப்படியே போனது. கடைசியில் பிள்ளைக்கு லீவு சொல்லப் போன் செய்த ஒரு அப்பா, “முன்னாடி இருந்த மேடம் இல்லையா, வேற யாரோ பேசறீங்களே?” என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் டாக்டரிடம் போனாள். தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. நல்லவேளையாக எடுத்துவிட்டார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறோம், இதுவரை தொந்தரவு இல்லை. குரல்தான் திரும்பவில்லை. இப்போது அவள் பேசினால் எல்லாம் ஒரே மட்டத்தில், உமியைத் தேய்ப்பது மாதிரி வரும். சந்தோஷமா கோபமா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. பாட்டு போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என்னிடம், “யாரோ ஒருத்தன் வண்டியில தேஞ்ச பேரிங் எனக்குக் கேக்குது. பக்கத்துல படுக்கிறவ குரல் மாறினது கேக்கலியேம்மா” என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். தினமும் போனில் அரை மணி நேரம் அவளோடு பேசுகிற எனக்கு மட்டும் என்ன கேட்டது? நானும் அழுதேன்.

போன வருஷம் அக்கா தானாகவே கிட்டார் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாற்பத்தாறு வயதில் போய் உட்கார்ந்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம் போட்டு, எட்டுப் பாட்டு கற்றுக்கொண்டாள். தொண்டை விட்டதை விரல் பிடித்துக்கொண்டது. வகுப்பில் இருந்த கிட்டாரை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். ஒருநாள் டீச்சர், “மேடம், வீட்டுல வாசிக்க உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்க. புதுசும் நல்லதுதான், நல்லா வாசிச்ச பழசு கிடைச்சாலும் நல்லதுதான்” என்றாளாம்.

மாமா காதில் இரண்டாவது பாதி மட்டும் விழுந்தது. அன்று ராத்திரியே எனக்குப் போன். “ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டு வா. பழைய கிட்டார் பாக்கப் போறோம். இதுல மட்டும் எதையும் விட்டுடக் கூடாதும்மா.” கடைசி வார்த்தை சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. என் எல்லா ஞாயிறும் இனி காலி என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆறு ஞாயிறு, ஆறு கிட்டார். ஒன்றில் கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் மரத்துண்டுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துக் காட்டினார், பசை விட்டுப்போயிருந்தது. அடுத்ததன் கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்துவிட்டு, “சேசிஸ் வளைஞ்சிருக்கு” என்றார். இன்னொன்றில் மீட்டரை வைத்துப் பார்த்தார், அது இரும்பில் மட்டும்தான் வேலை செய்யும் என்பது ஞாபகம் வந்து அசடு வழிந்தார், பிறகு மூக்கை வைத்து மோந்தே மறுபடி பாலீஷ் அடித்ததைக் கண்டுபிடித்தார். “ஆக்சிடென்ட் வண்டி” என்று தீர்ப்பு. ஒரு கல்லூரிப் பையன், “அங்கிள், நான் அதிகமா வாசிச்சதே இல்ல” என்று சத்தியம் செய்தான். மாமா கம்பிக்கு அடியில் தேய்ந்திருந்த பள்ளங்களை டார்ச் அடித்துக் காட்டி, “கிலோமீட்டரைத் திருப்பி வச்சு விக்கிறே தம்பி” என்றார். குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்ட ஒரு கிட்டாரிலிருந்து ஒரு பல்லி இறங்கி ஓடியது. அந்த வீட்டுக்காரர் எங்களையும் அதே வேகத்தில் அனுப்பிவைத்தார்.

அக்கா ஒவ்வொரு இடத்திலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு வரி வாசிப்பாள், கைக்குட்டையால் கம்பியைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள், கீழே வந்து காரில் ஏறிக்கொள்வாள். வழியில் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். நானும் மாமாவும் அதற்குள் பல்லியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஏழாவது கிட்டார் ஒரு பல் டாக்டருடையது. மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் இருந்த ஒரே நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துவிட்டு, மாமா ஜன்னலோரம் வேலையை ஆரம்பித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம். தட்டினார், மோந்தார், நூல் பிடித்தார், உள்ளே வெளிச்சம் அடித்தார். டாக்டர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்கூட இவ்வளவு நேரம் யார் வாயையும் பாத்ததில்ல சார்” என்றார்.

மாமா நிமிர்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “ஒரு குறையும் இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா வாசித்தாள். சின்ன அறை நிறைந்து போனது. கம்பியை விட்ட பிறகும் சத்தம் சாவகாசமாக அடங்கியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

“எடுத்துக்கலாமா?” என்றார் மாமா.

“சரி” என்றாள் அக்கா.

டாக்டர் உறையை எடுத்து வர உள்ளே போனார். நான் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மாமா மட்டும் அசையவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார். யார்டில் எஞ்சினை ஓடவிட்டு அப்படித்தான் நிற்பார்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

“என்ன சொல்ல?”

“இப்ப சொன்னியே, அதை.”

“சரின்னேன்.”

“உனக்கு இது பிடிக்கல.”

“நல்லாத்தாங்க இருக்கு. நீங்களே குறை இல்லைன்னுட்டீங்க, இதுக்கு மேல என்ன?”

“நான் கிட்டாரைப் பாத்துச் சொன்னேன். உன்னை எங்க கேட்டேன்?” மாமா அவள் எதிரில் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கியது. அவர் கவனிக்கவில்லை. “உனக்கு என்ன வேணும்?”

அக்கா கம்பியைத் தடவினாள். “புதுசு வேணுங்க” என்றாள்.

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“ஆறு வாரமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தக் குரல்ல எதைச் சொன்னாலும் ஒரே மாதிரி கேக்குது போல. நீங்க ரெண்டு பேரும் எங்க காதுல வாங்குறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. முதல் ஞாயிறன்றே, “மெயின் ரோட்டுக் கடையில ஒண்ணு மாட்டியிருக்குடி” என்று அவள் தொடங்கியதும், அதெல்லாம் மாமாவுக்குத் தெரியும் சும்மா இரு என்று நான் வாயை அடைத்ததும் ஞாபகம் வந்தது. இரண்டாவது முறையும் அவளைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். மாமாவுக்கும் அதே நினைப்புதான் ஓடியிருக்கும், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் முழித்தபோது அக்காவே சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். உங்க கிட்டார் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எங்க விரல் வைக்கணும்னு அதுக்கே தெரியுது. நீங்க வச்சு வச்சு அதைப் பழக்கிட்டீங்க.”

டாக்டர் சிரித்தார். “நானும் புதுசாத்தாம்மா வாங்கினேன். முப்பத்தோரு வருஷமாச்சு. போய் வாங்கிக்குங்க. இதுக்கு வேற ஆள் வருவாங்க” என்று சொல்லி மூன்று பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

நேராக மெயின் ரோட்டுக் கடைக்குப் போனோம். மாமா பையைக் காரிலேயே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உள்ளே வந்தார். எங்கே தட்டிவிடுவோமோ என்ற பயம். அக்கா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததைக் கை காட்டினாள். கடைக்காரர் இறக்கிக் கொடுத்தார். வாசித்தாள். டாக்டர் வீட்டில் கேட்ட காதுக்கு இது கொஞ்சம் உம்மென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் புரிந்துகொண்டார்.

“உண்மையைச் சொல்லிடறேன் மேடம். புது மரம், இப்ப இறுக்கமாத்தான் பேசும். தினமும் வாசிச்சா அஞ்சாறு வருஷத்துல நல்லா விட்டுக் கொடுக்கும். முழுசா ஒரு குரல் வர்றதுக்குப் பத்து வருஷம்கூட ஆகும்.”

எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பத்து வருஷம் என்ற பேச்சை எடுத்ததில்லை. ஆறு மாதம், அடுத்த ஆறு மாதம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

அக்கா கிட்டாரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. “ஆகட்டுமே” என்றாள். “பழசானாத்தான் நல்லா இருக்கும்னா, இதைப் பழசாக்குறது நானா இருக்கட்டும்.”

மாமா சட்டென்று திரும்பி, மூலையில் இருந்த டிரம் ஒன்றை வாங்க வந்தவர் மாதிரி உற்றுப் பார்த்தார். நன்றாக மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம், “பில் போடுங்க” என்றார். எந்தக் குறையும் கேட்கவில்லை, ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. நான்தான் மனசு கேட்காமல் உறையை இலவசமாகக் கேட்டு வாங்கினேன்.

உறைக்குள் வை என்று நாங்கள் சொன்னதை அக்கா கேட்கவில்லை. கையிலேயே கொண்டுவருவேன் என்று குழந்தையைத் தூக்குவது மாதிரி அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். காரில் ஏறும்போது அவள் தலையைக் குனிந்தாள், கிட்டார் குனியவில்லை. கதவு விளிம்பில் ‘டொக்’ என்று ஒரு இடி.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். பளபளப்பான அந்த மரத்தில், கீழ் ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு நசுங்கல். வாங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாமாவின் கை தானாகக் காருக்குள் இருந்த டார்ச்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அக்கா அழுதுவிடப் போகிறாள் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கரகரவென்று, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அது சிரிப்புதான் என்று இந்த முறை எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

“பாருங்க” என்றாள் மாமாவிடம். “ஆரம்பிச்சாச்சு.”