சொண்டு வைத்த இரும்பு

என் மகனுக்கு நாகசுரம் பிடிக்காது. சின்ன வயதில் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பான். ஆகவே பிற்பகல்களில் அவனுடைய அறையிலிருந்து என்னுடைய நாகசுரக் கசெற் உரத்துக் கேட்கத் தொடங்கியபோது நான் மகிழவில்லை. எதை மறைக்கப் பார்க்கிறான் என்றுதான் யோசித்தேன்.

அந்தக் கசெற் றேடியோ மத்திய கிழக்கில் வேலை செய்த என் கணவர் அனுப்பியது. அது வரும்வரை வானொலி எதைத் தந்ததோ அதைக் கேட்டேன். வந்தபின் எனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்டேன். பாடசாலையில் தமிழ் படிப்பித்துவிட்டு வந்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டு, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டால் ஒரு தோடி ராகம் முடியும்வரை எழும்பமாட்டேன். இசைக்கு அடுத்தது கவிதை. அலுமாரியின் மேல்தட்டு முழுக்கக் கவிதைப் புத்தகங்கள். இரவல் கேட்பவர்களின் விரல்கள் சுத்தமா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். முழுவதும் விளங்கிவிட்ட கவிதையில் எனக்கு ஆசை குறைந்துவிடும். பிடிபடாத இரண்டு வரிக்காகவே சில புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

ஆனால் பிடிபடாத மகனை அப்படி ரசிக்க முடியவில்லை. எண்பதுகள் தொடங்கியிருந்தன. லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் பொடியன்களைக் காணவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று ஊர் குசுகுசுத்தது. ஒருவன் இந்தியாவுக்குப் படிக்கப் போயிருக்கிறான் என்று தாய் சொன்னாள். மற்றவனுடைய தாய் ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக முடிவுக்குக் காத்திருந்தான். காத்திருக்கிற பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன ரீச்சர், ஒவ்வொரு நாளும் மேளம் கேக்குது. எங்களுக்குச் சொல்லாமல் கலியாணம் ஏதும் வச்சிட்டீங்களோ?"

"மகன் கேக்கிறான்."

"மேளத்துக்கு நடுவில அரம் ராவுற சத்தமும் கேக்குது. கலியாண வீடோ, கப்பல் கட்டுற இடமோ எண்டு மனிசி கேக்கிறா."

நான் சிரித்தேன். அவர் போனபின் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். அவருக்குக் கேட்டது வேறு யாருக்கெல்லாம் கேட்டிருக்கும்?

அடுத்த நாள் அவன் வெளியே போனதும் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலுக்கு அடியில் சாக்கு. சாக்குக்குள் இரும்பு வளையங்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் வராமல் துறைமுக வாயிலுக்குக் குறுக்கே போட்டிருந்த வலையின் வளையங்கள் அவை. எங்கள் ஊரில் அவற்றின் மேல்தான் பலர் தண்ணீர்க் குடம் வைப்பார்கள். வளையங்களோடு ஒரு துண்டுக் குழாய், செப்புக் கம்பிச் சுருள், அரம், இரும்பு அறுக்கும் வாளலகு. குழாயும் கம்பியும் சேர்ந்தால் குண்டு என்றுதான் அப்போது ஊரில் பேச்சு. குழாயின் இரண்டு வாயிலும் விரல் விட்டுப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

மேசையில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை கிடந்தது. பாடசாலை நூலகம் கழித்த புத்தகங்களோடு நானே கொண்டுவந்து போட்டது. மேல்நாட்டுச் சிற்பங்களின் படங்கள் உள்ள பக்கத்தில் விரிந்திருந்தது. வயிற்றில் ஓட்டை விழுந்த கல், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த தகடுகள். சிற்பம் என்றால் எனக்குக் கோபுரத்தில் இருப்பவைதான். இவற்றுக்கு முகம்கூட இல்லை. சஞ்சிகை ஏன் அந்தப் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது என்றும் யோசித்தேன். நான் வருவேன் என்று தெரிந்து விரித்து வைத்திருப்பானோ?

பின்னேரம் கேட்டேன். "கட்டிலுக்குக் கீழ என்ன?"

"பாத்திட்டீங்கள்தானே."

"அதை என்ன செய்யப்போறாய்?"

"சிற்பம். கொழும்பில இளம் ஆக்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கினம், அனுப்பப்போறன். அரம் ராவுற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாது எண்டுதான் உங்கட கசெற்றைப் போட்டனான்."

"என்ன சிற்பம்? ஆளா, மிருகமா?"

"ஒண்டுமில்லை அம்மா. ஒரு வடிவம், அவ்வளவுதான்."

"ஒண்டுமில்லாததை யாரடா செய்வான்?"

அவன் முதன்முறையாக என்னை நேரே பார்த்தான். "நீங்கள் தோடி கேக்கிறீங்கள். தோடி என்ன, ஆளா மிருகமா? அதிட்ட இது என்னத்தைக் காட்டுது எண்டு எப்பவாவது கேட்டனீங்களா?"

 நல்ல வாதம். பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் புள்ளி போட்டிருப்பேன். ஆனால் நல்ல வாதம் செய்கிற பிள்ளைகளைத்தான் அந்த நாட்களில் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவன் குளிக்கப் போகும் நேரத்தில் சாக்கை எண்ணிப் பார்ப்பேன். வளையம் குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம்.

வளையங்களை ஒட்ட வேண்டிவந்தபோது கப்பல்துறைக்குப் போகத் தொடங்கினான். கண்டி வீதியோரம் அங்கே ஒரு இரும்பு ஒட்டுவேலைக் கொட்டில் இருந்தது. கிண்ணியாவைச் சேர்ந்த, என்னிடம் முன்பு படித்த ஒரு பையன் அங்கே வேலை செய்தான். உண்மையிலேயே அங்கேதான் போகிறானா என்று பார்க்க ஒருநாள் நானும் பஸ் ஏறினேன். இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கிண்ணியாப் பையன் கண்ணாடியைக் கழற்றி, "வாங்க ரீச்சர், இது என்னெண்டு எனக்கும் விளங்கல்ல. சும்மா ஒட்டிக் குடுக்கன்" என்று சிரித்தான். மகன் சிரிக்கவில்லை. நான் ஏன் வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன்தான் ஒருநாள் மத்தியானம் பாடசாலை வாசலுக்குச் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான்.

"ரீச்சர், பயப்படாதீங்க. வேலை முடிஞ்சி உங்கட மகன் அதைச் சாக்கால சுத்திச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவன். ஆமிச் சாவடியில மறிச்சிட்டாங்க."

வாடகைக் காருக்கு ஓடினேன். வழி முழுக்க நான் கும்பிடவில்லை, கணக்குப் பார்த்தேன். குழாய் வெறுமையாக இருந்ததை நான் பார்த்தது எப்போது? அதற்குப் பிறகு ஒட்டி மூடியிருப்பார்களே, மூடும்போது உள்ளே என்ன இருந்தது?

சாவடியில் ஒரு வேப்பமரத்தின் கீழ் மேசை போட்டு அதன்மேல் அந்தப் பொருளை வைத்திருந்தார்கள். முழுதாக அன்றுதான் பார்த்தேன். மூன்று வளையங்கள் ஒன்றிலொன்று சாய்ந்து நின்றன. அவற்றுக்கூடாக வளைந்த குழாய். எல்லாவற்றையும் சுற்றிச் செப்புக் கம்பி. அதன் நுனி மட்டும் கட்டப்படாமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தோளில் துவக்கு மாட்டியிருந்த சிப்பாய்ப் பொடியன்கள் மேசைக்குக் கிட்ட வராமல் நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. நானும் தள்ளித்தான் நின்றேன். மகன் மரத்தோடு சாய்ந்து நின்றான். சேர்ட்டின் பொத்தான் இரண்டு இல்லை.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். ஊரில் பழகிய தமிழில் பேசினார்.

"நீங்கதானே அம்மா? என்ன வேலை?"

"ரீச்சர்."

"நல்லம். ரீச்சர் சொல்லுங்க, இது என்ன சாமான்? உங்கட மகனிட்டக் கேட்டா ஒண்டுமில்லை எண்டு சொல்றார். ஒண்டுமில்லாத சாமானை ஏன் சாக்கு சுத்திக் கொண்டுபோறது?"

"சிற்பம் சேர். கண்காட்சிக்குச் செய்தது."

"புத்தர் சிலை எனக்குத் தெரியும். உங்கட கோயில் சிலையும் தெரியும். இது என்ன சிலை?"

மகன் வாயைத் திறந்தான். அவன் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தோடியைப் பற்றிச் சொல்லுவான், வடிவம் என்பான், ஒன்றுமில்லை என்பான். ஒரு வடிவத்துக்காக அவனை எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

"கொக்கு" என்றேன். "கொக்கு சேர். வளையம் உடம்பு, குழாய் கழுத்து."

அவர் மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"கொக்கு எண்டா மீன் கொத்துற சொண்டு எங்க?"

நான் மேசைக்குப் போனேன். என் வாழ்க்கையில் அத்தனை தூரம் நடந்ததில்லை என்று தோன்றியது. ஐந்தாறு அடிதான் இருக்கும். மேலே நீட்டியிருந்த கம்பி நுனியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி, முறுக்கி, கீழே வளைத்தேன். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. குழாயைத் தொட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப சரி" என்று அதிகாரி சிரித்தார். மற்றவர்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்களும் சிரித்தபடி கிட்ட வந்தார்கள். ஒருவன் வளையத்தைத் தட்டிப் பார்த்தான். "ரீச்சர், மகனுக்குச் சொல்லுங்க, கொக்கு செய்தா கொக்கு எண்டு சொல்லவேணும்."

சைக்கிளைக் காரின் மேலே கட்டிவிட்டு, பின் இருக்கையில் அந்தப் பொருளை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தோம். சைனாபே தாண்டியதும் அவன் பொத்தானில்லாத சேர்ட்டை இழுத்து மூடினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அதைப் பிடிக்கேக்க ஏனம்மா கண்ணை மூடினனீங்கள்?"

"வெயில்."

"வேப்பமரத்துக்குக் கீழதானே மேசை இருந்தது."

நான் யன்னலால் வெளியே பார்த்தேன். 

நடந்து சில கிழமைகள்தான். என் கை ஆறிவிட்டது. சைக்கிள் மணி கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன். அந்தப் பொருள் முன்கூடத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் கொக்கு நல்லாயிருக்கு என்கிறார்கள். "சொண்டை நிமித்தன், அது நான் வச்சதுதானே" என்று நானே அவனிடம் சொன்னேன். ஒரு வளையம் ஒரு விரல் சரிந்துவிட்டது என்று கொட்டிலில் அரை நாள் சண்டை பிடித்தவன் அவன். இப்போது சாந்தமாகச் சிரித்தான்.

"இருக்கட்டும் அம்மா. கேக்கிற ஆக்களுக்குச் சொல்ல லேசு."

அந்தச் சாந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்காட்சிக்கு அதை அனுப்பவுமில்லை. பின்னேரங்களில் நாகசுரமும் இல்லை, அரமும் இல்லை. சத்தமில்லாத அறைக்கு வெளியே நான் நின்று கேட்கிறேன்.

இன்று காலை சைக்கிளை எடுத்தான். வாசலில் நின்று, "உப்புவெளிக்குப் போறன் அம்மா, கூட்டாளி ஒருத்தனைப் பாக்க. நாலு மணிக்கு வந்திருவன்" என்றான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. முன்பெல்லாம் கேட்டாலும் சொல்லமாட்டான்; இன்று கேட்காமலே இடமும் நேரமும் சொல்லிவிட்டுப் போனான்.