கடைசி பெஞ்ச் தலையாட்டினால் சரி

போன புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழாம் வகுப்புக்குச் சுற்றளவு நடத்தினேன். நடத்தினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பி.எட். படிக்கிறேன் அல்லவா... இப்போது ஆரணியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பயிற்சி. நான் பாடம் நடத்துவேன். வகுப்பின் சொந்த டீச்சர் கிருஷ்ணவேணி அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கவனிப்பார். நான் தேறுவேனா என்பது அவர் கையில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பஸ் போர்டோ, மாத்திரை அட்டையோ, நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்தத் தெம்பில்தான், கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு — எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பின்னால் திரும்பின. டீச்சர் தலையாட்டினார். எழுதினார்கள்.

"முக்கோணத்துக்கு மூணு பக்கம்" என்றேன். திரும்பினார்கள். ஆட்டினார். எழுதினார்கள்.

முக்கோணத்துக்குக்கூடவா சாட்சி வேண்டும்?

என்னைக் கூப்பிடுவதும் 'அக்கா'. டீச்சர் என்றால் பின்னால் இருப்பவர் மட்டும்தான். ஒருநாள் அதட்டிப் பார்த்தேன்.

"இனிமே என்னை டீச்சர்னுதான் கூப்பிடணும்."

"சரிக்கா" என்றார்கள்.

இதைவிடக் கேவலம், இரண்டு வாரத்தில் நானும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

புதன்கிழமையும் அப்படித்தான். செவ்வகம். நீளம் எட்டு, அகலம் ஐந்து. சுற்றளவு? கண்ணைக் கடைசி பெஞ்சில் வைத்துக்கொண்டே '40' என்று எழுதினேன். வகுப்பு திரும்பியது. டீச்சர் தலை மெதுவாக இறங்கியது... சட்டென்று நிமிர்ந்தது... மறுபடி இறங்கியது. வெளியே வெயில், பக்கத்து வீட்டில் ஒரே தாளத்தில் தறிச் சத்தம், வயிற்றில் சாம்பார் சாதம். அவர் மேல் என்ன தப்பு?

வகுப்பு நாற்பதை எழுதிக்கொண்டது. ரேவதி மட்டும் எழுதவில்லை.

"நாப்பது எப்படிக்கா வரும்? நாலு பக்கத்தையும் கூட்டினா இருவத்தாறுதானே வருது?"

பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். "டீச்சரே தலையாட்டிட்டாங்க. ஜல்தியா எழுதுடி."

"அவங்க தூங்கிகினு இருக்காங்கடி. நான் இவங்களைக் கேக்கறேன்."

பலகையைப் பார்த்தேன். கூட்ட வேண்டியதைப் பெருக்கி வைத்திருக்கிறேன். அது பரப்பளவு.

"ரேவதி சொல்றதுதான் சரி. நான் போட்டது தப்பு" என்று அழித்தேன். வகுப்பே சிரித்தது. ஆனால், ஒரு தலைகூடப் பின்னால் திரும்பவில்லை. அத்தனை கண்ணும் என் மேல். அழித்த இடத்தில் திருத்தி எழுதினேன். 26 கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

சிரிப்பில் கிருஷ்ணவேணி அம்மா விழித்துக்கொண்டார். "இன்னாடி சத்தம் அங்க?"

ரேவதி எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர் கணக்கைத் தப்பாப் போட்டுட்டாங்க, டீச்சர்!"

ஒரே வாக்கியத்தில் இரண்டு டீச்சர். முதல் டீச்சர், நான்.