டாக்டரம்மாவின் எலிகள்

டாக்டரம்மா ஓய்வு பெறுகிறார். விழா மலர் போடுகிறார்களாம். பத்தொன்பது வருடம் அவருடைய ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதால் நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். அச்சில் போடுவது அவர்கள் பாடு.

அல்சைமர் என்ற மறதி நோய்தான் அவருடைய உலகம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதிதில் அவருக்குக் கொடுத்தது ஒழுகும் அறை ஒன்றும் பழைய மைக்ரோஸ்கோப்பும்தான். காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து எலி மூளையைச் சீவிக்கொண்டிருப்பார். உழைப்பில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் அவர் வாய் இருக்கிறதே! "ஸ்லைடுல மெழுகு இருக்கு, உங்க கண்ணுல என்ன இருக்கு?" என்பார். மாணவர்கள் அவரை 'ஆசிட்' என்பார்கள். பெயர் வைத்தவன் நான்.

அவரைத் தூக்கி நிறுத்தியது ஒரு தண்ணீர்த் தொட்டி. பால்பவுடர் கரைத்த வெள்ளைத் தண்ணீர். அதற்குள் ஒரு விரல் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் சின்ன மேடை. நோய் வரும்படி வளர்த்த சுண்டெலியை உள்ளே விட்டால், சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து மேடையைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். டாக்டரம்மாவின் மருந்து சாப்பிட்ட எலிகள் பத்து வினாடியில் ஏறின. சாப்பிடாதவை நாற்பது வினாடி தத்தளித்தன. இதை வைத்துக் கட்டுரைகள், விருதுகள், கடைசியில் துறைத்தலைவர் நாற்காலி.

கூண்டு மாறிவிடக் கூடாது என்று மருந்து எலிகளைக் காலையிலும் மற்றவற்றை மதியத்திலும் நீந்தவிடுவது அவர் போட்ட சட்டம். காலையில் நான். தொட்டிக்கு வெளியே, மேடைக்கு நேர் பின்னால் ஸ்டூலில், ஸ்டாப்வாட்ச்சோடு ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருப்பேன். மதியம் மாணவர்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி உலாத்துவார்கள்.

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. இருநூறு பேர். மருந்து ஈரலைக் கெடுக்கலாம் என்று ஒப்புதல் தாளிலேயே அச்சடித்திருந்தது. பலன் இருக்கிறதே என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் அண்ணனுக்கும் இடம் கொடுத்தார் டாக்டரம்மா. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், கழிப்பறைக்கு வழி தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். "மாத்திரை எப்ப தம்பி தருவாங்க?" என்று அண்ணி தினமும் போன் செய்வார்.

அந்தச் சமயம் எனக்கு முழங்கால் வீங்கியது. காலை நீட்ட வசதியாக ஸ்டூலை எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். முதல் எலி என்னை நோக்கி நேராக நீந்தி வந்து, மேடை இல்லாத இடத்தில் துழாவியது. இரண்டாவதும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மதியத்திலிருந்து ஸ்டூலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், நான்கு நாள் மருந்தில்லா எலிகளோடு உட்கார்ந்தேன். அவையும் பத்து வினாடியில் ஏறின. எதிரே ஒரு தடியன் உட்கார்ந்திருந்தால் அவனைப் பார்த்துப் போக ஞாபகசக்தி எதற்கு?

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கால் வலின்னா லீவு போடுங்க. என் டேட்டாவுல கை வைக்காதீங்க" என்றார்.

"நீங்களே வந்து பாருங்க மேடம்."

வந்தார். ஐந்து எலிகளைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போச்சுன்னா எல்லாம் நின்னுடும். உங்க அண்ணனுக்கும் மாத்திரை கிடையாது. யோசிச்சுக்குங்க."

"வேலை செய்யாத மாத்திரைதானே மேடம்?"

"செய்யாதுன்னு யார் சொன்னா? எலியா?"

அந்தக் கேள்விக்காகவே அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. அன்றே நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப் போட்டேன். சோதனை நின்றது. 'டெக்னீஷியனின் கவனக்குறைவு' என்று ஒரே வரியில் பழியை என் தலையில் கட்டிவிட்டு, கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் டாக்டரம்மா. நாற்காலி மட்டும் ஆடவேயில்லை.

விஷயத்தை நானே சொல்ல வேண்டும் என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். அதற்குள் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாசலை மறித்து நின்றார்.

"நிறுத்தச் சொல்லி எழுதினது நீங்கதானா?"

"அது விஷம் அண்ணி. பலனே இல்ல."

"அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

அண்ணியின் தோளுக்கு மேல் அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு மாதமாக என்னைத் தெரியாதவர், அன்றைக்குச் சிரித்தார்.

"தம்பியா? உள்ள வாடா."

அண்ணி திரும்பவில்லை. என்னைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களுக்குத் தம்பியே கிடையாதுங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.