பெட்டிக்குள் பெரியம்மா

போன வாரம் மத்தியானம் கரண்ட் போனது. பக்கத்து வீட்டில் யு.பி.எஸ். ஒன்று கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணன் வாங்கியது. அவன் கல்யாணம் முடிந்து வேலை தேடி மெயின்லேண்டுக்குப் போனபோது அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். மழைக்காலத்தில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஈரத் தூசி சூடாகும் ஒரு வாசம் வரும். கருகின சோற்றுக்கும் நனைந்த நாய்க்கும் நடுவில் ஒரு வாசம். பல்லி முட்டை வெந்த வாசமாகவும் இருக்கலாம், ஒருமுறை பெட்டியைத் திறந்தபோது உள்ளே மூன்று நான்கு இருந்தன.

அந்த வாசம் வந்தால் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். சிலோன் தோட்டத்தில் பிறந்து, திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு நிக்கோபாரில் கட்சால் தீவுக்கு வந்து, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சுனாமியில் வீடு போனது. பெரியம்மாவும் போனாள். உடம்பு கிடைக்கவில்லை. முகாமில் சில மாதம் இருந்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். அவர் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

வீடு போனபோது போட்டோவெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது அண்ணன் கல்யாண வீடியோவில் ஒரு சின்னத் துண்டு. சமையல் பந்தலில் பெரியம்மா ஒரு டம்ளரை நீட்டுவாள், வீடியோக்காரனை அதட்டுவாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான். கடல் காற்றில் இங்கே சி.டி.க்குக்கூடப் பூஞ்சை பிடிக்கும். அந்த சி.டி.யும் வெள்ளைப் புள்ளி விழுந்து வீணானது. அதற்கு முன்பே அண்ணன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்ததால் பெரியம்மா தப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா பார்ப்பார். மற்ற நாளில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒரு ஞாயிறு கம்ப்யூட்டர் பாதி வரை வந்து நின்றது. அணைந்தது. தானே திரும்ப எழுந்து, திரும்ப அணைந்தது. ஊரெல்லாம் பென் டிரைவில் வைரஸ் சுற்றிக்கொண்டிருந்த காலம். ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் கர்னா படேகா. அந்தர் கா சப் ஜாயேகா," என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமாம். வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

பெரியப்பா வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, அவ உள்ளதான இருக்கா?"

"இருக்காங்க பெரியப்பா. கதவுதான் தெறக்க மாட்டேங்குது."

எனக்கே தெரியாத ஒன்றைத்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

ஆபீஸில் என் பக்கத்து மேசையில் பிஸ்வஜித் என்று ஒரு பெங்காலிப் பையன். என்னைவிட ஒரு வயது சின்னவன், என்னை தீதி, அதாவது அக்கா, என்பான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் கம்ப்யூட்டர் பத்திரிகையை யாரிடமாவது இரவல் வாங்கி, அதோடு வரும் சி.டி.யைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வான். அவனிடம், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தின் சி.டி. ஒன்று இருந்தது. "டிஸ்க்கில் இரண்டு பாகம் இருக்கு இல்லையா தீதி? பாட்டு இருக்கிற பாகத்தை அழிச்சிட்டு அங்கே லினக்ஸைப் போடுவோம். அதுக்குள்ளிருந்து மற்ற பாகத்தை எட்டிப் பார்க்கலாம்," என்றான், ஹிந்தியில். இதற்கு முன் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை உட்கார்ந்தோம். எங்கள் கம்ப்யூட்டருக்கு மெமரி குறைவு. படம் போட்ட அழகான திரை வரவே இல்லை. நீலத் திரையில் வெள்ளை எழுத்துதான். எதை அழிக்க வேண்டும் என்று கேட்கும் இடம் வந்தது. சி, டி என்று நமக்குத் தெரிந்த பெயர் எதுவும் இல்லை. hda1, hda5 என்று இரண்டு வரி. விற்ற கடைக்காரர் டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார் போலிருக்கிறது, இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் பாட்டு. இன்னொன்றில், நாங்கள் சி என்று சொல்லும் பாகத்தில், பெரியம்மா.

"பஹலா வாலா சி ஹோகா," முதல் வரிதான் சி-யாக இருக்கும் என்றான் பிஸ்வஜித்.

"ஹோகாவா, ஹையா?" என்றேன்.

ஹோகா என்றால் 'இருக்கும், அப்படித்தான் நினைக்கிறேன்' என்று அர்த்தம். ஹை என்றால் 'இருக்கிறது', நிச்சயம். தீவில் எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதான் என்பதால் அந்த வித்தியாசம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். அவன் என்டர் மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டான். பின்னால் பெரியப்பா மூச்சு விடுவது கேட்டது.

பிஸ்வஜித் மறுபடி இரவல் வாங்கி வந்திருந்த பத்திரிகையைப் புரட்டினோம். வேறொரு கறுப்புத் திரைக்குப் போய், கட்டளை அடித்து, அந்தப் பாகத்துக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. நான் டைப்பிஸ்ட் இல்லையா, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று ஆபீஸில் பெயர். அன்று அந்த ஒரு வரியை நாலு தடவை தப்பாக அடித்தேன். ஐந்தாவது தடவை எழுத்துகள் கடகடவென்று ஓடின. நடுவில், அண்ணன் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையோடு வைத்த பெயர். மேரேஜ்.

"ஹை," என்றான் பிஸ்வஜித். "தீதி, பக்கா ஹை."

முதல் பாகத்தில்தான் இருந்தாள். பென் டிரைவை அந்த நிலையில் எப்படித் திறப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வீடியோவை அதில் எடுத்துக்கொண்டிருப்போம், அங்கேயே கதை முடிந்திருக்கும். இரண்டாவது பாகத்தை அழிக்கச் சொன்னோம். அது அழித்து, பிரித்து, எதையோ எழுத ஆரம்பித்தது.

அப்போதுதான் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி பழசு, எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. திரையில் நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. பாதிகூட வரவில்லை. அணைக்கலாமா கூடாதா என்று பிஸ்வஜித்துக்கும் தெரியவில்லை. கீ கீ என்ற சத்தம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அது ஒரே நீளச் சத்தமாக இழுத்தது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

பெரியப்பா எழுந்து வெளியே போனார். கடலைப் பார்த்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. பிஸ்வஜித் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, "எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் முழு டிஸ்க்கும் கெட்டுப்போகலாம் தீதி," என்றான். அதை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம்.

அம்மா சோறு போட்டாள். பிஸ்வஜித் மட்டும் சாப்பிட்டான். பெரியப்பாவைக் கூப்பிடப் போனேன்.

"எனக்கு ஏலாது பாப்பா," என்றார். "கட்சால்லயும் இப்பிடித்தான். இருக்கா, இருக்கான்னு அஞ்சாறு நாளு சொன்னானுங்க."

பக்கத்தில் நின்றேன். வெயில் இறங்கும்வரை நின்றோம்.

கரண்ட் வந்ததும் முதலில் அந்தக் கறுப்புத் திரைக்குப் போனோம். இந்த முறை நான் தப்பாக அடிக்கவில்லை. எழுத்துகள் ஓடின. மேரேஜ் இருந்தது. "இருக்கு பெரியப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். எல்லாம் முடிந்து புது சிஸ்டம் எழுந்தபோது மானிட்டர் தன்னால் அந்த அளவு முடியாது என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் காட்டிவிட்டுக் கறுப்பாக நின்றது. பிஸ்வஜித் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, திரையின் அளவைக் குறைக்கும் வழியைத் தேடிப் பிடித்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவழியாகப் படம் வந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். வீடியோவை அழுத்தினேன்.

பந்தல் வந்தது. புகை வந்தது. பெரியம்மா டம்ளரை நீட்டினாள். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஒலியைக் கூட்டினேன். ஒன்றும் இல்லை. இந்தச் சத்தத்தைப் படிக்கும் புரோகிராம் சி.டி.யில் கிடையாது, இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும் என்றான் பிஸ்வஜித். அப்போதைய போர்ட் பிளேர் இன்டர்நெட்டில் ஒரு மெயில் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். நான் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பெரியம்மா டம்ளரை நீட்டினாள்.

"படம் புடிச்சது போதும்டா," என்றது என் பின்னாலிருந்து ஒரு குரல். "மொதல்ல தேத்தண்ணிய குடி. ஆறிப்போவுது பாரு."

பெரியப்பா. அவள் வாய் திறக்கும் இடத்தில் தொடங்கி, மூடும் இடத்தில் முடித்தார். அவளுடைய அதட்டல், அவளுடைய இழுப்பு எல்லாம் அப்படியே. பிஸ்வஜித்துக்குத் தமிழ் தெரியாது. அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சத்தம் கெடக்கட்டும் பாப்பா," என்றார் பெரியப்பா. "ஆளு இருக்கால்ல."

மறுநாள் பிஸ்வஜித் அந்த வீடியோவைப் பென் டிரைவில் எடுத்துப் போய், வேறிடத்தில் போட்டுப் பார்த்து, சத்தம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னான். இரண்டு சி.டி.யில் பதிந்தும் கொடுத்தான். பெரியப்பா அன்று அவனுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

கட்சாலில் நிரந்தர வீடு கட்டிக் கொடுத்தபோது பெரியப்பா ஒரு சி.டி.யை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். அங்கேதான் காலமானார். பிஸ்வஜித் மாற்றலாகி மாயாபந்தர் போனான், பிறகு தொடர்பு விட்டுப்போனது. இன்டர்நெட்டுக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க நாங்கள் பட்ட பாட்டை இப்போது என் மகள் பல் தேய்ப்பதற்குள் முடித்துவிடுவாள்.

வீட்டிலும் அவள் ஹிந்திதான் பேசுகிறாள். பெரியம்மா வீடியோவைப் போட்டுக் காட்டினால், "அம்மா, தேத்தண்ணி மத்லப்?" என்று அர்த்தம் கேட்கிறாள். சாய் என்று சொல்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறாள். அந்தச் சொல்லைச் சொல்லி எனக்கு டம்ளர் நீட்ட எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை.