கொண்டையில் ஓர் இலை

ஆடிக் காற்று செங்கம் சாலையின் புழுதியை வாரியெடுத்து, பேருந்துக்காக நின்றவர்களின் முகத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த நிறுத்தத்தில் அண்ணி எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அவர் கொண்டையில் ஒரு இலை ஒட்டியிருந்தது. காற்றில் பறந்து வந்து சிக்கிய வேப்பிலையாக இருக்கும் என்று எடுத்துப்போடக் கையை நீட்டினேன். விரலில் பட்டது குளிர்ந்த உலோகம். சின்னச் சின்னப் பச்சைக் கற்கள் பதித்த ப்ரூச். முந்தானையை மடித்துத் தோளில் நிறுத்தப் பெண்கள் நாங்கள் குத்திக்கொள்வோமே, அது. அண்ணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கிளிப் உடைந்துவிட்டதாம். காற்றுக்கு முடி நிற்கவில்லையாம். தோளில் இருந்ததைக் கழற்றி, கொண்டையைச் சுற்றிய ரப்பர் பேண்டுக்குள் ஊசியை விட்டுப் பூட்டிக்கொண்டாராம். அவர் சொன்னதில் பாதி காற்றில் போய்விட்டது. அவர் சிரித்து எத்தனையோ மாதமாகிறது என்று நான் நினைத்துக்கொண்டது மட்டும் இன்றும் தெளிவாக ஞாபகமிருக்கிறது.

அண்ணன் போய் அப்போது ஒரு வருஷம் முடிந்திருந்தது. சொந்தமாக ஒரு கார் வைத்து, செங்கம் சாலை விடுதிகளில் தங்குகிறவர்களைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதுமாக இருந்தவர். ஒருநாள் காலை மார் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை. அண்ணி தன் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் போகவில்லை. அண்ணனுக்குப் பழக்கமான விடுதிக்காரர் ஒருவர் வரவேற்பு மேசையில் வேலை கொடுத்தார். முதல் சம்பளத்தில், சேலை கசங்காமல் நிற்க வேண்டுமே என்று தேரடி வீதி ஃபேன்ஸி கடையில் வாங்கியதுதான் அந்த இலை. நான் கல்லூரி விட்டதும் நேராக விடுதிக்குப் போய்விடுவேன். இருவருமாக வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்புவது எங்கள் வழக்கமாக இருந்தது.

அண்ணியின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். அடர்த்தி ஒரு கைக்குள் அடங்காது. அண்ணன் இருந்தவரை எந்த ஊர் சவாரி போய்வந்தாலும் ஒரு முழம் பூ இல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார். அவர் போனபின், காரியத்தன்று பெண்கள் கூடி அண்ணி தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். அதன்பிறகு அந்த முடி தனக்கு யாரும் இல்லாததுபோல வெறுமையாக முதுகில் கிடந்தது. நிறுத்தத்தில் நின்ற அந்த மாலை, அதில் மறுபடி ஏதோ ஒன்று துளிர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"இன்னாது அது தலையில?"

"பூ இல்லீங்க அத்த. சேலைக்குக் குத்தற பின்னு."

"சேலைக்குன்னா சேலையில குத்து."

அண்ணி உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது இலை கொண்டையில்தான் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். கிளிப் உடைந்த காரணமெல்லாம் அதோடு தீர்ந்துபோனது. தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே அவர் குத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கிழக்கே பார்த்த ஜன்னல் ஒன்றுதான் உண்டு. அண்ணி அங்கே நின்றுதான் தலை வாருவார். வெயில் கற்களில் பட்டு, பச்சையும் வெள்ளையுமாகச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் சுவரில் தெறிக்கும். அவர் தலையைச் சாய்த்தால் அவை மேலே ஏறும். குனிந்தால் தரைக்கு இறங்கி ஓடும். பாயில் படுத்தபடி நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதுபோல இருக்கும். சில நாள் ஒரு பொட்டு அடுப்படி வரை போய், அம்மாவின் கைமேல் ஒரு கணம் நின்று, நழுவிவிடும். அம்மா அதைக் கவனித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அந்த இலைக்குத் துணை சேர்ந்தது. விடுதியில் தங்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு அம்மாள், அண்ணியின் கொண்டையைத் தினமும் பார்த்து ரசித்தவர், தன் கோட்டில் குத்தியிருந்த வெள்ளிப் பறவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் அண்ணி பெரும்பாலும் இலையைத்தான் வைத்துக்கொள்வார். மனசு லேசாக இருக்கிற நாளில் மட்டும் பறவை. அன்றைக்கு நான் என்ன கேட்டாலும் கிடைக்கும்.

பறவையைக் கண்ட அன்றுதான் அம்மா வெடித்தார். தெருவில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அண்ணி சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா குழம்புக் கரண்டியோடு எதிரில் வந்து நின்றார்.

"நானும் உன் வயசுலதான் எல்லாத்தையும் எடுத்தேன். செத்தாப் போயிட்டேன்?"

அப்பா போனபோது நான் கைக்குழந்தை. அம்மா தலையில் பூவை நான் பார்த்ததே கிடையாது. படத்தில்கூட இல்லை. அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"போகலீங்க அத்த. ஆனா நீங்க எப்பனா கண்ணாடி பாத்து, நான் பாத்ததே இல்லியே."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். துணி துவைக்கும் கல்லின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "அவள சாப்பிடச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே தட்டை எடுப்பார். விடுதிக்காரர் மாடியில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருப்பதையும், என் கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விடப் போவதையும் ஒருநாள் பேருந்தில் வரும்போது அண்ணி என்னிடம் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மலை எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. இந்தப் பெண் இல்லாத வீட்டில் அம்மா யாரிடம் பேசாமல் இருப்பார்?

கல்லூரி முடிந்த கையோடு எனக்கு வரன் வந்தது. ஆரணிப் பக்கம், மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. நிச்சயத்தன்று தான் வேலைக்குப் போய்விடுவதாக அண்ணி என் மூலமாகச் சொல்லியனுப்பினார். "வேணாம், வூட்லயே இருக்கச் சொல்லு. உள்ள வேல கீது" என்று அம்மாவின் பதில் வந்தது. உள்ளே என்றால் கூடத்துக்கு வரக்கூடாது என்று அர்த்தம். அண்ணிக்கும் புரிந்தது. காலையிலிருந்து அடுப்படியில்தான் நின்றார், கொண்டையில் இலையோடு.

வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். காபி கொடுக்கக் கை போதவில்லை. உதவிக்கு வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்ணையும் காணோம். காபி ஆறுகிறதே என்று அண்ணியே தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவராகக் குனிந்து கொடுத்துக்கொண்டு வரும்போது, மாப்பிள்ளையின் பெரியம்மா டம்ளரை எடுக்காமல் அவர் தலையையே பார்த்தார்.

"வூட்டுக்காரர் போயி வருஷம் ரெண்டு ஆவுதாமே. தலையில இன்னாம்மா இதெல்லாம் மினுக்கினு?"

பட்டுச்சேலையும் பயமுமாக நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் முகம் மாறவில்லை. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மெல்லக் கொண்டைக்குக் கொண்டுபோனார். எடுத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. என் கல்யாணத்துக்காக எடுத்துவிடுவார். அப்புறம் ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டார். ப்ரூச்சின் பூட்டை அவர் விரல் தொட்ட நேரம், பின்னாலிருந்து வந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மாவு ஒட்டிய கை.

"எடுக்காத, இருக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு பெரியம்மாவைப் பார்த்து, அதே குரலில், "நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். மொட்டையா பாக்க எனக்கு ஆவல" என்றார்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பெரியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா அதுவரை வாயே திறக்காதவர். அவர் அண்ணியைக் கிட்டே கூப்பிட்டுத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா விழித்தார். அவருக்கு எந்தக் கடை என்று எப்படித் தெரியும்?

"தேரடி வீதியிலங்க" என்றார் அண்ணி. "அத்தகூட நானும் போயிருந்தேன்."

பொய்யில் அவரும் பங்குக்கு வந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் யாரோ சர்க்கரை போதவில்லை என்று சொல்ல, பேச்சு வேறு பக்கம் போனது. தட்டு மாற்றிக்கொண்டோம். எல்லாரும் கிளம்பியபின் அம்மாவும் அண்ணியும் பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார்கள். சொம்பைக் கொடுக்கும்போது அம்மா நேராக அண்ணியிடமே, "தொடச்சி வை" என்றார்.

மறுநாள் காலை அம்மா யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் போனார். வெயில் ஏறி, முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். அண்ணிக்கு அன்று விடுமுறை; தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தார். அம்மா இடுப்பில் சொருகியிருந்த சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் போட்டார். பிரித்தால் ஒரு ப்ரூச். கனகாம்பர நிறத்தில் எனாமல் பூசிய பூ. நடுவில் ஒரு முத்து.

"வாங்கிக் குடுத்தேன்னு நாலு பேர் எதிர்ல சொல்ட்டேன். பொய்யாவக் கூடாதில்ல" என்றார் அம்மா. பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல நகர்ந்துவிட்டு, வாசற்படியில் நின்று, "கடையில இலகூட இருந்துச்சு. நான்தான் பூவா பாத்து வாங்கினேன்" என்றார்.

அண்ணி அழுதார். அண்ணன் போன அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஈர முடி முகத்தை மூடியிருந்தது. அம்மா கிட்டே வந்து அந்த முடியை ஒதுக்கி, சிக்கெடுத்து, தனக்குத் தெரிந்த பழைய மாதிரியில் இறுக்கமாகக் கொண்டை போட்டார். பூவைக் குத்தத்தான் அவருக்குத் தெரியவில்லை. ஊசி விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

விடுதி மாடி அறைக்கு அண்ணி போகவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஆரணிக்கு வந்துவிட்ட இத்தனை வருஷமும் அவர்கள் இருவரும் வேங்கிக்கால் வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணி இப்போது அந்த விடுதியின் மேலாளர். காதோரம் நரை வந்துவிட்டது. அம்மா இன்றுவரை தன் தலையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நானும் அண்ணியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம். எனக்கு எதுக்கு என்று நகர்ந்துவிடுகிறார்.

போன தை மாதம் போயிருந்தேன். மூவருமாகக் கோவிலுக்குக் கிளம்பினோம். பனி இன்னும் விலகவில்லை. மலையின் அடிப்பக்கம் கரைந்துபோய், உச்சி மட்டும் வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. அண்ணி முன்னால் போனார், கொண்டையில் அம்மா வாங்கித் தந்த பூவோடு. அம்மா ஓரடி பின்தங்கியே வந்தார். முழங்கால் வலிக்கிறதோ என்று நான் அவர் கையைப் பிடித்து, அண்ணி பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டார்.

"காலெல்லாம் நல்லாதான் கீது. நீ போ. பின்னாடி வந்தாதானே எனக்குத் தெரியும்" என்றார்.

நானும் நடையைக் குறைத்துக்கொண்டேன்.