முன் சீட்டில் முட்டை

என் அக்காவின் கணவர் முட்டை வியாபாரி. விடிந்ததும் கடைகளுக்கும் சின்னச் சின்ன ஓட்டல்களுக்கும் காரில் முட்டை கொண்டுபோய்ப் போடுவார். முட்டை அட்டையை யார் தூக்கினாலும் 'பத்திரம், பத்திரம்' என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பார். அதனால் கடைத்தெருவில் அவருக்குப் பெயரே பத்திரம். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். நேரில் மட்டும் மாமா.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. குடி, சீட்டு எதுவும் கிடையாது. இரண்டு முட்டைகளைக் காதருகே வைத்து லேசாகத் தட்டினால், எதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது அது. அக்கா சொன்னது மட்டும் அதில் ஏறவில்லை.

கார் அவர் வாங்கும்போதே பழையது. வாங்கின புதிதில் அட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கினார். உடைந்தன. டிக்கியில் வைத்தார், இன்னும் அதிகமாக உடைந்தன. முன் சீட்டுக்கு மாற்றினார். ஒன்றும் உடையவில்லை. வேறு யாராவது இருந்தால், பின்னால் மட்டும் ஏன் உடைகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். மாமா தச்சரைக் கூட்டிவந்தார். முன் சீட்டை அளவெடுத்து, அட்டைகள் அசையாமல் நிற்க ஒரு மரச்சட்டம் செய்து, திருகாணி போட்டு இறுக்கியாயிற்று. அதற்கு மேல் சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து முன் சீட் முட்டைக்கு, பின் சீட் அக்காவுக்கு.

யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இல்லை இது. ஞாயிற்றுக்கிழமைகளில் வியாபாரம் கிடையாது. அன்று இருவரும் ஊரின் மறுகோடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒரு நாளுக்காகச் சட்டத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பானேன் என்று அது அப்படியே இருந்தது. முன் சீட்டில் காலிச் சட்டம் பெல்ட் போட்டுக்கொண்டு சொகுசாகப் போகும். பின்னால் அக்கா, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவாள்.

"பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்பாள்.

"ரோடு அப்படி."

"உங்களுக்குப் போடலையா?"

"நான் சாஞ்சு உக்காந்திருக்கேன். நீ விறைச்சுக்கிட்டு உக்காந்தா போடத்தான் செய்யும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். ஆடுகிறவள் மேல் பழி. பிறகு இரக்கப்பட்டு ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தார். அது போதவில்லை என்றதும் இன்னொன்று. இரண்டு தலையணைகளின் மேல் ஏறி உட்கார்ந்ததில் அக்காவின் தலை காரின் கூரைக்குப் பக்கத்தில் போனதுதான் மிச்சம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாமாவுக்குத் தன் காரின் முதுகும் தெரியாது. சாவியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். சொந்த மைத்துனன், லைசென்ஸ் வைத்திருப்பவன், எனக்கே கொடுத்ததில்லை. எப்போதும் அவரேதான் ஓட்டுவார். ஆகவே அந்தக் காரின் பின் சீட்டில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது.

அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது. வருஷக்கணக்கில் அடிவாங்கிய இடுப்பு, வராமல் என்ன செய்யும்? குனிந்து வாளியைத் தூக்க முடியவில்லை. டாக்டர் குலுக்கல் ஆகாது என்றார். அடுத்த ஞாயிறு மாமா காரைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்தார். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு காரைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போற?"

"பஸ் ஸ்டாப்புக்கு. நீங்க கார்ல வாங்க. நான் இனிமே இதுல ஏறமாட்டேன்."

மாமா விளையாட்டு என்று நினைத்தார். அக்கா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போனார். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் இவரும் நின்றார். அப்படியே நாலைந்து வாரம். மகள் வீட்டு வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். ஒருவர் காரிலிருந்து, ஒருவர் பஸ்ஸிலிருந்து. சம்பந்தி வீட்டார் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் மாமாவைக் கொன்றது.

ஒரு நாள் என்னிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அந்த ரோட்டுலதான் அவகிட்ட வாரம் பூரா உள்ளதைப் பேசுவேன், மாப்ள. இப்போ பஸ்ஸோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே போறேன். அவ என் கார்ல மறுபடி ஏறணும். அதுக்கு என்ன செய்யணும்?"

எனக்கு முதல்முறையாக அவர்மேல் பாவமாக இருந்தது. மெக்கானிக்கிடம் அழைத்துப்போனேன்.

மெக்கானிக் வாயில் வெற்றுக் குச்சி ஒன்றைக் கடித்துக்கொண்டு, "என்ன கம்ப்ளைன்ட்?" என்றார்.

"வீட்ல, ஆடுதுன்னு சொல்றாங்க."

"உங்களுக்கு ஆடுதா, அண்ணே?"

"எனக்கு ஒண்ணும் ஆடல."

மெக்கானிக் காரின் பின் மூலையில் கையை ஊன்றி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு விலகினார். நல்ல கார் என்றால் ஒருமுறை எழுந்து அடங்கிவிட வேண்டுமாம். இது எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அது முடிவதற்காகக் காத்திருந்தோம். "சாவி குடுங்க. நீங்க பின்னாடி ஏறுங்க" என்றார் மெக்கானிக். மாமா சாவியை ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தார்.

பக்கத்துத் தெருவில் வேகத்தடைகள் வரிசையாக இருந்தன. முதல் தடையில் மாமாவின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவதில், அக்கா பிடிக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். திரும்பி வந்ததும், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் பின்பக்கம் இரண்டுமே போய்விட்டது என்றார் மெக்கானிக்.

"ரெண்டையும் மாத்திடு, தம்பி" என்றார் மாமா, தலையைத் தடவிக்கொண்டே.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார்கள். இரண்டு பக்க ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பிக் கிடந்தது. துருப்பிடித்த கீழ் போல்ட் கொஞ்சம் அழிச்சாட்டியம் செய்தது. கழற்றிய ஷாக்கைத் தரையில் ஊன்றி, மெக்கானிக் தண்டை ஒற்றை விரலால் அழுத்தினார். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இது செத்து ரொம்ப காலம் ஆச்சு, அண்ணே. நீங்க வாங்குறப்பவே செத்திருக்கும்."

புதியதை அழுத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. விட்டதும் நிதானமாக மேலே வந்தது. மாட்டிவிட்டு, காரைக் கீழே இறக்கி அதன் பாரம் சக்கரத்தில் ஏறிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடுமாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது.

இதோடு மாமா நேரே வீட்டுக்குப் போய், 'தப்பு என் மேல்தான்' என்று சொல்லியிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவர் தொழில்காரர். சோதித்துப் பார்க்காமல் சரக்கைக் கைமாற்றுகிற பழக்கம் இல்லை. பின் சீட்டில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு, ஊரில் உள்ள மோசமான தெருக்களாகத் தேடிப்போய் ஓட்டினார். அப்புறம் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து அக்காவைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நானும் வெளியே வந்தேன்.

"பாரு! பின் சீட்டுல வெச்சு ஊர் பூரா சுத்திட்டு வந்தேன். ஒண்ணுகூட உடையல!"

அக்கா அட்டைகளைப் பார்த்தாள். முன் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பின்னாடி வெச்சா உடையும்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும். மாமா பொய் சொல்லத் தெரியாதவர்.

"கார் வாங்கின கொஞ்ச நாள்ல."

"தெரிஞ்சுதான் என்னைப் பின்னாடி உக்கார வெச்சீங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். யோசித்து, நிஜமாகவே தோன்றியதைச் சொன்னார்.

"நீதான் உடையலையே."

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். உள்ளே போய் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. அவரோ ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் புரிந்தவராக நின்றார். அந்த வாரம் முழுக்க முட்டை வியாபாரி வீட்டில் ஒரு முட்டை பொரியவில்லை. பேச்சும் இல்லை.

சனிக்கிழமை மாலை மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். திருகாணிகளைக் கழற்றி, மரச்சட்டத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். முன் சீட்டின் துணி அந்த இடத்தில் மட்டும் வாங்கின நிறத்திலேயே இருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை முன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அக்கா கைப்பையோடு வந்தாள். அன்றைக்கும் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். அவள் நின்று அந்தச் சீட்டைப் பார்த்தாள்.

"முட்டை உக்காந்த இடத்துல நான் உக்காரல" என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மாமா டிரைவர் பக்கம் போனார்.

"நீங்க எங்க போறீங்க? இங்க வாங்க. தம்பி ஓட்டட்டும்."

மாமா சாவியை என் கையில் வைத்தார். 'பாத்து ஓட்டு' என்றுகூடச் சொல்லவில்லை.

முதல் வேகத்தடை வந்தது. நான் மெதுவாகத்தான் ஏற்றினேன். கண்ணாடியில் பார்த்தால், ஆளுக்கொரு பக்கமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இருவரும் அடிக்காகக் காத்திருந்தார்கள். கார் ஏறியது, இறங்கியது, அடங்கியது. அக்கா கையை எடுக்கவில்லை. அடுத்து வர வேண்டியது வரட்டும் என்று இருந்தாள். எதுவும் வரவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, "அரை நாள் வேலை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

அக்கா அவர் அழுவதைத் தடுக்கவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றாள் என்னிடம்.